கட்டில் நீளத்துக்கு மேல் தெரியாத கேமரா

என் செல்ல ராயா,

அக்காதான் எழுதுகிறேன். நீ போய் ஒரு வருசம் ஆகப் போகிறது. எல்லோரையும் போல உன் படத்தைப் பத்திரிகையில் போட்டு, கீழே நாலு கண்ணீர் வரி போட்டுவிடலாம் என்றுதான் முதலில் போனேன். அந்த வரிகளை அவர்களே தயாராக வைத்திருக்கிறார்கள், நமக்குப் பிடித்ததைக் கை காட்டினால் போதும். ஒன்றுகூட உனக்குப் பொருந்தவில்லை. அதனால் இடத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன், எழுத்து என்னுடையது. ஊரார் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் நல்ல செய்தி ஒன்று வரும் என்று காத்திருக்காதே, வராது. உன் பெண்டாட்டி ஸ்டெல்லாவுக்கு ஈரலில் புற்று. தெரிய வந்தபோதே கை மீறிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வலி இல்லாம பாத்துக்கலாம்" என்றார். வியாபாரம் பேசிப் பழகிய எனக்கு அந்தப் பேச்சின் அர்த்தம் உடனே புரிந்தது. பேரம் பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

பாயான் லெப்பாஸில் உங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு அவளைப் பாகான் டாலாமுக்கு, என் வீட்டுக்கே, கொண்டுவந்துவிட்டேன். முன்னறையில், ஜன்னல் பக்கம் கட்டில். கடையை ஆட்களிடம் விட்டிருக்கிறேன். தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புச் சப்பாத்தும் கையுறையும் நான் போய் நின்றுதான் விற்க வேண்டும் என்ற காலம் முடிந்துவிட்டது. புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வாசல் வாசலாக மோட்டாரில் கையுறை மூட்டையைக் கட்டிக்கொண்டு அலைந்தவள், இப்போது வீட்டில் உட்கார்ந்து கஞ்சி வைக்கிறேன். நீ பார்த்தால் சிரிப்பாய்.

வந்த வாரத்திலேயே அவள் ஒன்று கேட்டாள். நடுக்கூடத்தில் உன் படம் மாட்டியிருக்கிறேன் அல்லவா, உன் கூட்டாளி மணியம் எடுத்தது, அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, அவரு பக்கத்துல என் படமும் வரும்ல?"

"இப்ப என்னாத்துக்கு அந்தப் பேச்சு?"

"பேசாட்டி வராதா? சும்மா சொல்லுங்க. வரும்ல? அதுக்கு ஒரு படம் வேணும்லா."

கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிப் போடலாமே என்றேன். எல்லா வீட்டிலும் அப்படித்தானே செய்கிறார்கள், இளமையாக இருந்த படத்தைத் தேடி எடுத்து, முகத்தை வழித்துச் சுத்தம் செய்து. அவள் கட்டிலில் படுத்தபடியே சிரித்தாள்.

"கல்யாணப் படத்த வெச்சா பக்கத்துல அவரு நரச்ச தலையோட இருப்பாரு. அப்பனும் மவளுமான்னு கேப்பாங்க அண்ணி. இப்ப இருக்குற மூஞ்சிதான் வேணும். அவரோட இருந்து தேஞ்ச மூஞ்சி."

நீ எடுத்த படங்களைத் தேடினேன் ராயா. ஒரு அலமாரி நிறைய வைத்திருக்கிறாய். வருசா வருசம் கல்யாண நாளில் அவளை ஃபெரிப் படகில் கூட்டிப்போய் எடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அவள் கட்டைவிரல் உயரம். பின்னால் கடல், கப்பல், மேகம். நீ எப்போதும் தளத்தின் அந்தக் கோடியில், அவள் இந்தக் கோடியில். அத்தனை படத்தில் அவள் முகம் என்று வெட்டி எடுக்க ஒன்று கிடைக்கவில்லை. ஏன்டா கிட்டே போகவில்லை நீ? அவளிடம் கேட்டால், "கிட்டக்க வந்தா கை நடுங்குதும்பாரு. பொய்யி" என்கிறாள். நிஜமா, பொய்யா? உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

சரி, கைப்பேசியில் எடுத்துவிடலாம் என்று எடுத்தேன். காமாலை ஏறிவிட்டது அல்லவா, கைப்பேசி அதை ஒளிக்காமல் அப்படியே காட்டியது. அவள் வாங்கிப் பார்த்தாள்.

"மாம்பழம் மாதிரி இருக்கேன் அண்ணி. கூடையில வெச்சு பசார்ல வித்துட்டு வந்துருங்க."

பிறகு சிரிக்காமல் சொன்னாள். உன்னிடம் மஞ்சள் பூத்த லென்ஸ் ஒன்று இருக்கிறது, அதில் எடுத்தால் நன்றாக இருக்கும், அந்தக் கண்ணாடி வழியாகத்தான் நீ அவளைப் பார்த்தாய், தானும் அது வழியாகவே போய்க்கொள்வதாகச் சொன்னாள். நான் அதைக் கவிதையாக எடுத்துக்கொள்ளவில்லை. மணியத்தைக் கூப்பிட்டு விசாரித்தேன். 

"அக்கா, அது சும்மா சொன்னதில்ல. அந்தக் கண்ணாடி வயசாகி மஞ்சளாப் போச்சு. கறுப்பு வெள்ளை ஃபிலிமு போட்டு அதுல எடுத்தா, மஞ்சளா இருக்குற எதுவும் வெளுப்பா வரும். அவங்க தோலு நல்லா இருக்குற மாதிரியே வரும்."

ஆக, அவள் கேட்டது கேட்க வேண்டிய சாமான்தான். லென்ஸ் இருக்கிறது. அரிசி டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களுக்கு நடுவில், பூஞ்சை ஒரு பொட்டு இல்லாமல், நீ வைத்தபடியே உன் மூன்று லென்ஸும் இருக்கின்றன. கேமரா எங்கே?

கேமரா உன்னோடு இருக்கிறது ராயா. மண்ணுக்குள்.

உன்னைச் சவப்பெட்டியில் வைத்தபோது ஸ்டெல்லாதான் உள்ளே இருந்து கேமராவைக் கொண்டுவந்து உன் கைக்குக் கீழே வைத்தாள். கேமரா இல்லாமல் எப்படி அனுப்புவது என்று அழுதாள். நாங்கள் எல்லோரும் சரி என்றோம். நீ எப்போதும் வேலை முடிந்ததும் லென்ஸைக் கழற்றி டப்பாவில் போட்டு, கேமராவுக்கு மூடி போட்டு வைப்பாய், பினாங்கு ஈரத்துக்குப் பயந்து. அதனால் மூடி போட்ட வெறும் கேமரா மட்டும் உன்னோடு வந்தது. லென்ஸ் வேறு, கேமரா வேறு என்று எங்களில் யாருக்குத் தெரியும்? மணியத்துக்குத் தெரியும். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். புருசனைப் பறிகொடுத்தவள் வைக்கிற பொருளை எடுத்து வெளியே வை என்று எவன் சொல்வான்?

இதைச் சொன்னபோது ஸ்டெல்லா முகத்தை மூடிக்கொண்டாள். "நானே எடுத்துக் குடுத்துட்டேனா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை.

எனக்குக் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இது என் வியாபாரம் மாதிரியேதான் என்று கண்டுகொண்டேன். மற்றவர்கள் சப்பாத்தைப் பார்த்துக் காலை நுழைப்பார்கள். என் வாடிக்கையாளர் காலைக் கொண்டுவருவார், அந்தக் காலுக்குச் சப்பாத்து நான் தேடுவேன். இங்கே கால் உன் லென்ஸ். அதை மாற்ற முடியாது. அதற்கு எந்தக் கேமரா என்பதுதான் கேள்வி.

மணியம் வந்து விளக்கினான். இப்போதைய லென்ஸ்களை வைத்துக் கால்வாசிச் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளுமாம். உன்னுடையவை போத்தல் மூடி மாதிரி மரை போட்டவை, சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். அதற்கான கேமராக்களைச் செய்து நிறுத்தி வெகு காலமாகிறது.

"டிஜிட்டல் கேமராவுல ஒரு வளையம் போட்டா மாட்டிரும் அக்கா. எங்கிட்டயே இருக்கு. நாளைக்கே எடுத்துரலாம்."

எனக்குச் சந்தோசம். கையில் இருக்கிற சரக்கு, காத்திருக்க வேண்டாம். ஆனால் வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேணாம் அண்ணி. அதுல ஒடனே பாக்கலாம்ல? பாத்தா அழிங்கன்னுதான் சொல்லுவேன். ஒண்ணு விடாம அழிக்கச் சொல்லுவேன். ஃபிலிமுன்னா எடுத்தது எடுத்ததுதான்."

அவளைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நான் வாதாடவில்லை.

உன் கேமரா மாதிரியே ஒன்று, பழுது பார்த்துச் சுத்தம் செய்தது, ஜப்பானில் இருக்கிறது என்று மணியம் கண்டுபிடித்தான். பணம் கட்டினேன். அது வருவதற்குள் கோலாலம்பூரில் ஒருவன் இணையத்தில் இன்னொன்று விற்கிறான் என்று அதையும் வாங்கினேன். அது சீக்கிரம் வந்தது. மணியம் லென்ஸைத் திருகி, கண்ணை வைத்து, பொத்தானை அமுக்கினான். உள்ளே இருக்கிற கண்ணாடி மேலே போனது. மேலேயே நின்றுவிட்டது. மறுபடி கீழே வரவில்லை, கேமரா கெட்டது.

"விக்கிறவன் போட்ட படத்துல நல்லா இருந்துச்சே" என்றேன்.

"எல்லாரும் படத்துல நல்லாதான் அக்கா இருக்கோம்" என்றான்.

ஜப்பான் கேமரா சுங்கத்தில் நின்றது. ஏன் நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தினமும் மணியம், "இன்னும் நிக்குதுக்கா" என்பான். இதற்கிடையில் ஸ்டெல்லாவுக்கு வயிறு ஊதிக்கொண்டு வந்தது, கன்னம் உள்ளே போனது. கஞ்சி இரண்டு கரண்டியோடு நின்றது. தாதி வந்து மருந்தைக் கூட்டிவிட்டுப் போனாள். கூட்டினால் தூக்கம் வரும், பேச்சு குழறும் என்று எனக்கு மட்டும் சொன்னாள்.

மறுநாள் காடியை ஓட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி ஜார்ஜ்டவுனுக்குப் போனேன். சூலியா சாலைக்குப் பக்கத்துச் சந்தில் அனிபா பாய் பழைய கேமரா, பழைய கடிகாரம் விற்கிறார். உனக்குப் பழக்கமானவர்தான். உன் பேரைச் சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ராயப்பன் அக்காவா? வாங்க, வாங்க. அவரு என் கடையில வாங்குனத விட உக்காந்து பேசுனதுதான் அதிகம்."

"நான் பேச வரல பாய். இந்த லென்ஸுக்குக் கேமரா வேணும். இன்னிக்கே வேணும்."

"இன்னிக்கேன்னா வெல ஏறுமேக்கா."

"ஏறாது. இந்த மரைக்கு இன்னொரு ஆள் ஒங்க கடைக்கு எப்ப வரப்போறான்?"

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் இரண்டை எடுத்துவந்தார். ஒன்று உன் கேமராவின் தம்பி மாதிரி இருந்தது. லென்ஸ் சுற்றிச் சுற்றி அழகாக ஏறி, எழுத்துகள் சரியாக மேலே வந்து நின்றன. எனக்கு அப்போதே வாங்கிவிடத் தோன்றியது. ஆனால் சாமானைத் திருப்பிப் பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை. கேமராவின் பின் கதவைத் திறக்கச் சொன்னேன். முன்னால் என் கைப்பேசி விளக்கைப் பிடித்தேன். உள்ளே ஒரு துணித் திரை. அதில் ஊசி குத்தின மாதிரி அங்கங்கே வெளிச்சம் வந்தது.

"இது என்னா பாய்?"

"அது... துணி கொஞ்சம் வயசாச்சுக்கா."

"சப்பாத்துல இந்த மாதிரி ஓட்ட இருந்தா நான் விக்க மாட்டேன்."

"நீங்க எனக்கே அளவு எடுக்குறீங்களே" என்று அதை ஓரம் வைத்தார்.

இரண்டாவது கனமாக, கறுப்பாக இருந்தது. திரை உலோகம். பாட்டரி இல்லாமலே ஓடும். அமுக்கினால் கதவு சாத்தின மாதிரி சத்தம். கண்ணாடி போன வேகத்தில் திரும்பி வந்தது. நான் ஆசை தீர அமுக்கிப் பார்த்தேன், ஒரு தடவை கூடத் தவறவில்லை. ஆனால் அது மரை போட்ட கேமரா அல்ல. இடையில் ஒரு வளையம் போட்டால்தான் உன் லென்ஸ் ஏறும்.

"வளையம் எங்கிட்ட இருக்குக்கா. ஆனா உள்ளத சொல்லிடுறேன். இந்தக் கேமரா ஒங்க லென்ஸுக்கு ஒரு நூல் ஆழம் கூட. லென்ஸு கொஞ்சம் தள்ளி நிக்கும். அதுனால தூரம் புடிக்காது. மலை, கடல், கல்யாணக் கூட்டம் ஒண்ணும் தெளிவா வராது. கிட்டக்க மட்டும்தான்."

"எவ்ளோ கிட்டக்க?"

அவரை நிற்க வைத்துப் பார்த்தேன். லென்ஸை அது போகிற மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு, "பின்னால போங்க பாய்" என்றேன். அவர் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார். தாடி தெளிவாக இருந்தது, இருந்தது, பிறகு பஞ்சாகிவிட்டது. "நில்லுங்க" என்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த இடத்தைக் கண்ணால் அளந்தேன். ஒரு கட்டில் நீளம். அதற்கு மேல் அந்தக் கேமராவுக்கு உலகம் தெரியாது.

அங்கிருந்தே மணியத்தைக் கூப்பிட்டேன். அவன் தான் வேலை செய்கிற தொழிற்சாலைச் சத்தத்துக்கு நடுவில் கத்தினான்.

"அக்கா, அத வாங்காதீங்க! அந்த லென்ஸுக்கு அது அவமானம். ஜப்பான் கேமரா வந்துரும். இல்லாட்டி உள்ள கண்ணாடி வெச்ச வளையம் ஒண்ணு இருக்கு, அதப் போட்டா தூரமும் தெரியும், படம்தான் கொஞ்சம் சொதப்பும்."

"இன்னொருத்தன் கண்ணாடி நடுவுல எதுக்குடா? ஜப்பான் சாமான் என்னா ஆச்சு?"

"சுங்கத்துலயே நிக்குதுக்கா."

"அது நிக்கும். அவ நிக்க மாட்டாடா."

 நான் யோசித்தது இதுதான் ராயா. நீ இருந்திருந்தால் தூரம் வேண்டும். ஃபெரி, கடல், அந்தக் கோடி, இந்தக் கோடி எல்லாம் வேண்டும். இனிமேல் அவளை ஃபெரிக்கு யார் கூட்டிப்போவது? அவள் ஜன்னல் வரைக்கும் வர மாட்டாள். அவளுக்கு மிச்சம் இருக்கிற உலகம் கட்டில் நீளம்தான். தேவையில்லாத தூரத்துக்காக நான் ஏன் காத்திருக்க வேண்டும்? வாங்கிவிட்டேன். அனிபா பாய் விலையைக் குறைத்தார், நான் கேட்டதற்கு மேலேயே. யாருக்கு என்று நான் சொல்லவில்லை, என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை.

மணியம் ஃபிலிம் போட்டு, வெளிச்சம் அளந்து, எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்தான். அவனே எடுத்திருந்தால் நூற்றுக்கு நூறு எடுத்திருப்பான். ஸ்டெல்லா விடவில்லை. "நைட்டியோட இருக்கேன், ஆம்பளைங்க வேணாம். அண்ணி, நீங்களே எடுங்க" என்றாள். அதனால் அவனை வாசலில் நிறுத்திவிட்டேன். சப்பாத்துப் பெட்டிகளை அடுக்கி வைத்து நான் கொஞ்சம் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான் என் படிப்பு.

மேலுக்கு மட்டும் சேலை சுற்றி, ஊக்கு குத்தி, தலையணை அணை கொடுத்து உட்கார வைத்தேன். தோடு போடச் சொன்னாள். காது மெலிந்து, கல் ஆடியது. காலை வெயில் திரைச்சீலை வழியாக அவள் மேல் விழுந்தது. கட்டிலின் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். கண்ணை வைத்தால் எல்லாம் தேனுக்குள் தெரிகிற மாதிரி மஞ்சளாக இருந்தது. நீ இத்தனை வருசமும் இப்படித்தான் பார்த்தாயா அவளை?

"அக்கா, எஃப் எட்டுலயே இருக்கட்டும், லென்ஸு மேல எண்ணு போட்ட அந்த வளையத்தத் தொடாதீங்க!" என்று வாசலில் இருந்து மணியம் கத்தினான். அவன் சொல்வதற்குள் நான் தொட்டுவிட்டேன்.

"அவனப் பேசாம இருக்கச் சொல்லுங்க அண்ணி, சிரிப்பு வருது" என்றாள் ஸ்டெல்லா.

"சிரி. யாரு வேணாங்குறா?"

"ஒங்க தம்பி சிரிக்காதம்பாரு. சும்மா இரும்பாரு. நீங்க என்னா சொல்லப் போறீங்க?"

"அளவு சின்னதா இருக்குன்னு திருப்பிக் குடுக்க வந்த ஆளு மாதிரி மூஞ்சிய வெச்சிக்காத. அது போதும்."

சிரித்தாள். எடுத்தேன். வலி வந்து கண்ணை மூடினாள், அப்போதும் எடுத்தேன். எது என் வேலை, எதை எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்காலி நகர்ந்தது, நானும் நகர்ந்தேன், மங்கியது, மறுபடி முன்னால் வந்தேன். நடுவில் அவள் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து, "நெசமாவே படம் விழுதா அண்ணி? இல்ல சும்மா தட்டுறீங்களா?" என்றாள். பிறகு கையை உயர்த்தி, "போதும்லா" என்றாள். ஃபிலிம் முடியவில்லை. ஆனால் அவள் தெம்பு முடிந்துவிட்டது என்று தெரிந்தது. ஊக்குகளைக் கழற்றிப் படுக்க வைத்தேன்.

மணியம் தன் வீட்டுக் குளியலறையிலேயே ஃபிலிமைக் கழுவினான். கழுவிவிட்டு வந்தவன் உள்ளே வராமல் நின்றான். என்ன சொல்வது என்று தெரியாத சரக்கைக் கையில் வைத்திருக்கிறவன் எப்படி நிற்பான் என்று எனக்குத் தெரியும்.

பாதிப் படங்கள் ஆடிவிட்டன. சில படங்களில் நாற்காலி பின்னால் போன கதைதான், கட்டில் நீளத்தைத் தாண்டிவிட்டேன், அவள் புகையாகிவிட்டாள். எண் போட்ட அந்த வளையத்தை நான் திருப்பியதால் தெளிவாக இருக்கிற இடம் விரலகலம்தான் இருக்குமாம். கையுயர்த்திய படத்தில் கை மட்டும் இருக்கிறது, அதில் ஊசி குத்திய கன்றல் வரைக்கும் தெரிகிறது, முகம் இல்லை. ஒன்றே ஒன்றுதான் தேறியது. அவள் ஜன்னலைப் பார்த்துக் கேள்வி கேட்ட படம். அதிலும் தெளிவாக இருப்பது காதும் தோட்டின் கல்லும். கண் கொஞ்சம் மங்கல். உதடு இன்னும் மங்கல். ஆனால் மணியம் சொன்னது நடந்திருந்தது. தோலில் மஞ்சள் இல்லை. நோயே இல்லாத ஒரு பொம்பளை, வாசலில் யாரோ கூப்பிட்டதைக் கேட்டுத் திரும்புகிற மாதிரி இருக்கிறாள்.

"மன்னிச்சிருங்கக்கா, நானே எடுத்திருக்கணும்" என்றான் மணியம்.

"நீ எடுத்திருந்தா அவ இப்படித் திரும்பியிருக்க மாட்டா. போடா."

பெரிதாகப் போட்டு எடுத்துவந்தான். அதற்குள் தாதி மருந்தை மறுபடி கூட்டியிருந்தாள். ஃபாதர் வந்து எண்ணெய் பூசி நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஸ்டெல்லா கண் திறப்பது குறைந்துவிட்டது. திறந்தாலும் நான் யார் என்று தேடுவாள். படத்தை அவள் முகத்துக்குக் கிட்டே பிடித்தேன். நெடுநேரம் பார்த்தாள். தன்னை அடையாளம் தெரிகிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"யாரு எடுத்தா அண்ணி? அவரா?"

ராயா, நான் வியாபாரத்தில் பொய் சொல்லி ஒரு சாமானும் விற்றதில்லை என்று ஊருக்கே தெரியும். ஓட்டை இருந்தால் ஓட்டை என்று சொல்லித்தான் விற்பேன்.

"ஆமா. அவன்தான்" என்றேன்.

"ம்..." என்று மறுபடி பார்த்தாள். "இப்பதான் கிட்டக்க வந்திருக்காரு."

அதற்கப்புறம் தூங்கிவிட்டாள். இது ஆறுதல் என்று உனக்கு எழுதவில்லை. எனக்கு இதில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. நான் அலைந்து, பார்த்து, பொறுக்கி எடுத்த கேமராவால் அவளுக்குக் கிடைத்தது ஒரு மங்கிய படம். அவள் கேட்டது வேறு வழியில், அவள் புத்தி தடுமாறிய ஒரு நிமிசத்தில் கிடைத்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தம் இருக்கிறதா, இல்லையா? யோசித்து யோசித்து விட்டுவிட்டேன். அன்றைக்கு அப்புறம் அவள் பேசவில்லை. இதை எழுதுகிற இந்தக் காலையில் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். மூச்சு விட்டு விட்டு வருகிறது. நீண்ட நேரம் வராவிட்டால் பேனாவை வைத்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன். திரும்பி வந்து எழுதுகிறேன். இதை நீ படிக்கும்போது, பத்திரிகையில் மற்றவர்கள் படிக்கும்போது, அவள் இருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. ஃபாதர் சொல்கிற இடத்தில் இருக்கிறாய் என்று நம்பத்தான் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது, பல நாள் முடியவில்லை. அவள் வந்து சேர்ந்தால் தெரிந்துகொள்வாய். சேராவிட்டால் அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் படத்தை உன் பக்கத்தில் மாட்டுவேன். சுத்தம் செய்கிறேன், கண்ணைத் தெளிவாக்குகிறேன் என்று எந்தக் கடைக்காரன் வந்தாலும் கையை வைக்க விட மாட்டேன். வருகிறவர்கள் கேட்பார்கள். உன் கேமராக் கூட்டாளிகள் கட்டாயம் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, தோடு தெளிவாக இருக்கிறது, கண் மங்கியிருக்கிறதே, யார் எடுத்தது என்று கேட்பார்கள். ராயப்பன் என்று சொல்வேன். நம்ப மாட்டார்கள், ராயப்பனா இப்படி எடுத்தான் என்பார்கள். ஆமாம், அவனேதான், கிட்டே போனால் அவனுக்குக் கை நடுங்கும் என்பேன். உன் பேர் கெடும். கெட்டுவிட்டுப் போகட்டும், அவளுக்காகத் தாங்கிக்கொள்.

உன்னோடு கூடப் பிறந்தவள்,
உன் லூர்து அக்கா,
பாகான் டாலாம்.